ரெண்டு இருபதுக்கு வரும் வலி

சிமெண்டு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் அவரை எல்லோரும் 'நைசு' என்றுதான் கூப்பிடுவார்கள். அரைபட்டு வரும் தூளைச் சலித்து, நிறுத்து, எவ்வளவு நைசாக இருக்கிறது என்று எழுதி வைப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே மேஜை, அதே தராசு. விரல் நுனியில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் அரைபடணும்" என்பார். அப்புறம் இயந்திரமும் அதையேதான் சொல்லும். அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வம். இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்குத்தான் இல்லை?

அவர் மனைவி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். நாற்பது மீட்டர் உயரத்தில், காலுக்குக் கீழே கண்ணாடி போட்ட கேபினில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி லாரியில் இறக்குவாள். பெட்டி ஒன்றுக்கு முப்பது டன். அதை ஒரு முட்டையை வைக்கிற மாதிரி வைப்பாள். அவளைவிட வயதில் மூத்த லாரிக்காரர்கள்கூட அவளை 'கிரேன் அக்கா' என்றுதான் சொல்வார்கள். புயல் எச்சரிக்கை விட்ட நாளில்கூட அசராமல் ஏணியில் ஏறி இறங்கியவள்.

அப்பேர்ப்பட்டவளை ஒரு தலைவலி ஆட்டிப் படைத்தது. தலைவலி என்றால் நீங்களும் நானும் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிறோமே, அது இல்லை. வருஷத்தில் மூன்று மாதம், தினமும், சொல்லி வைத்தாற்போல ஒரே நேரத்துக்கு, இடது கண்ணுக்குப் பின்னால் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் சொருகியது போல வரும். அந்தக் கண் மட்டும் சிவந்து கொட்டும், இமை பாதி இறங்கிவிடும், மூக்கிலும் அந்தப் பக்கம் மட்டும் ஒழுகும். படுக்க முடியாது, உட்கார முடியாது. சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். நடுவில் நின்று ஃப்ரிட்ஜ் கதவில் நெற்றியை முட்டுவாள். ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடும்.

இதற்குப் பெயர் தெரிவதற்கே ஏழு வருஷம் ஆனது. ஒரு பல் டாக்டர் நல்ல பல்லாகப் பார்த்து இரண்டைப் பிடுங்கினார். இன்னொருவர் மூக்கில் நீர் கோத்திருக்கிறது என்று ஆவி பிடிக்கச் சொன்னார். கடைசியில் ஒரு நரம்பு டாக்டரம்மாதான், கொத்துக் கொத்தாக வருவதால் இதற்குக் கொத்துத் தலைவலி என்று பெயர், இது மூக்கும் இல்லை பல்லும் இல்லை என்று சொன்னார். வீட்டில் வைத்துக்கொள்ள ஆக்ஸிஜன் சிலிண்டரும் முகமூடியும் எழுதிக் கொடுத்தார். முகமூடியைப் போட்டு இழுத்தால் ஒரு மணி நேர வலி இருபது நிமிஷத்தில் அடங்கும். அதுவே பெரிய விஷயம்.

இத்தனை வருஷமும் வலி மாலையில் வந்தது, வேலை முடிந்த பிறகு. யாருக்கும் தெரியாமல் சமாளித்தாள். இந்த வருஷம் அது நேரத்தை மாற்றிக்கொண்டு மத்தியானம் ரெண்டு இருபதுக்கு வந்தது. முதல் நாள் அவள் கேபினில் இருந்தாள், கம்பியில் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு அதைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, ஏணிப் படியைக் கையால் தடவித் தடவி இறங்கி வந்தாள். கீழே வந்து, தானே போய் துறைமுக மருத்துவ அதிகாரியிடம் சொன்னாள்.

அவர் நல்ல மனிதர்தான், ஆனால் விதி விதிதான். "ரெண்டு மாசம் டைம் தர்றேன்மா, லீவுல இருங்க. அதுக்குள்ள தொடர்ந்து பதினாலு நாள் வலி இல்லாம இருந்தா மேலே ஏறலாம். இல்லைன்னா கேட்ல சீட்டு சரிபார்க்கிற வேலை. அப்புறம் கிரேன் கிடையாது."

கேட் வேலை என்றால் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுவது. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் நைசு அவள் அழுது பார்த்தது மூன்றோ நாலோ தடவை.

டாக்டரம்மா இதயத் துடிப்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரை எழுதினார். "இது வந்த வலியை நிறுத்துற மருந்து இல்லை, வராமலே தடுக்கிற மருந்து. தினமும் காலையில ஒண்ணு. நீண்ட நேரம் வேலை செய்யும்."

நீண்ட நேரம் வேலை செய்யும் என்றதும் நைசு தலையை ஆட்டினார். ஒரு கடைக்காரர் தன் சரக்கைப் புகழ்வதைக் கேட்கிற மாதிரிதான் கேட்டுக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிரேன் அக்காவுக்கு மாத்திரை முழுங்க வராது. சின்ன வயதிலிருந்தே வராது. நாக்கில் வைத்ததும் தொண்டை இறுக மூடிக்கொள்ளும்; தண்ணீர் ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம், கண்ணீர் ஒரு பக்கம். நாற்பது மீட்டர் உயரத்துக்குப் பயப்படாதவள் ஒரு காய்ச்சல் மாத்திரைக்கு நடுங்குவாள். இது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று டாக்டரிடம்கூடச் சொல்ல மாட்டாள். கல்யாணமான முதல் மாதமே நைசு இதைக் கண்டுபிடித்து, ஒரு வார்த்தை கேலி செய்யாமல், மாத்திரையைப் பொடி பண்ணி ஜாமில் குழைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த மாத்திரையும் முழுசாக உள்ளே போனதில்லை.

அதையும் அவர் ஏனோதானோ என்றா செய்வார்? வெள்ளைப் பீங்கான் கல்வம் ஒன்று வாங்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜைமேல் சுத்தமான துணி விரிப்பார். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி, மாதிரி எடுக்கிற கண்ணாடிப் புட்டியில் போட்டு, தேதி எழுதி ஒட்டுவார். பெட்டி, உள்ளே மடித்து வைத்த காகிதம் எல்லாம் குப்பைக்குப் போய்விடும். பரிசோதனைக் கூடத்தில் மாதிரிகள் புட்டியில்தான் இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் வீட்டுக்கு வந்தால் மட்டும் விட்டுப் போகுமா? பிறகு ஒவ்வொன்றாக அரைத்து, ஏழு நாளைக்கு ஏழு பொட்டலம். இந்தப் புது மாத்திரை கொஞ்சம் கெட்டி. அதனால் இன்னும் அக்கறையாக, முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி அரைத்தார். 'இவளுக்காக இதையாவது ஒழுங்காச் செய்யறோம்' என்று மனசுக்குள் ஒரு நிறைவு.

மருந்து வேலை செய்யவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் போனது. தினமும் ஒன்பதரைக்கு அவளுக்குத் தலை சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ரெண்டு இருபதுக்கு வலி வந்தது. நைசு ஒரு நோட்டில் இரண்டையும் எழுதி வந்தார். டாக்டரம்மா அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். மாற்றம் இல்லைன்னா இந்த மருந்து ஒத்துக்கலைன்னு எழுதிட்டு வேற முறைக்குப் போகலாம். ஆனா புதுசா ஆரம்பிச்சா அதுக்குன்னு நாள் ஆகும். உங்க ரெண்டு மாசக் கெடுவுக்குள்ள வருமான்னு என்னால சொல்ல முடியலை."

அந்த வாரப் புதன்கிழமை காலை நைசு ஒரு புகாருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். கட்டடக்காரர் ஒருவர் சிமெண்டைத் திருப்பி அனுப்பியிருந்தார். கலந்து ஊற்றுவதற்குள் இறுகிவிடுகிறதாம். சோதித்ததில் காரணம் சட்டென்று பிடிபட்டது. ஆலையில் அளவுக்கு மீறி அரைத்திருக்கிறார்கள். அவர் எழுதினார்: 'தூள் மிதமிஞ்சி நுண்மையாக இருப்பதால், நீர் பட்டதும் வேகம் கூடி, மெதுவாக நடக்க வேண்டிய வேலை முழுவதும் ஆரம்பத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது.'

பேனா அப்படியே நின்றது.

எழுதியதை மறுபடி படித்தார். நீண்ட நேரம் வேலை செய்யும் என்று டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டது. ஒன்பதரைக்குத் தலைசுற்றல். ரெண்டு இருபதுக்கு வலி. எழுந்து வெளியே போய், மருந்துக் கடைக்குப் போன் போட்டார்.

"ஐயோ, அதை நசுக்கவே கூடாது சார்" என்றார் கடைக்காரர். "நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா கரையற மாதிரி பண்ணினது அது. நசுக்கினா மொத்தமும் ஒரேயடியா உள்ளே போயிடும், மத்தியானத்துக்கு மேல ஒண்ணும் மிஞ்சாது. பெட்டியிலேயே போட்டிருக்குமே, பார்க்கலையா?"

பெட்டி எங்கே இருக்கிறது பார்ப்பதற்கு?

அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் மனசு கண்டபடி ஓடியது. சொல்லாமல் இருந்துவிட்டால்? வெள்ளிக்கிழமை டாக்டரம்மா மருந்து ஒத்துக்கவில்லை என்று எழுதுவார், வேறு மருந்து வரும், யாருக்கும் எதுவும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஆனால் கெடு போய்விடும், கிரேனும் போய்விடும். அவள் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுவாள். அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி மீதித் தூரத்தை வேகமாக நடந்தார்.

வீட்டுக்குள் நுழையும்போது மணி மூன்றரை. வலி அப்போதுதான் விட்டிருந்தது. அவள் தரையில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமூடியின் விளிம்பு கன்னத்தில் பதிந்திருந்தது.

"என்னங்க, இந்நேரத்துக்கு வந்துட்டீங்க?"

அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். நசுக்கக் கூடாததை நசுக்கியதால்தான் மருந்து வேலை செய்யவில்லை, தலை சுற்றியதும் அதனால்தான், எல்லாம் தன்னால்தான் என்று சொன்னார்.

"எத்தனை நாள்?" என்றாள் அவள்.

"இருபத்து நாலு."

"இருபத்து நாலு நாள் நான் அந்த ஃப்ரிட்ஜுல முட்டிக்கிட்டேன்."

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் எழுந்து போய், அலமாரியிலிருந்த புட்டியையும் மீதிப் பொட்டலங்களையும் வாரித் தன் வேலைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இனிமே இதை நீங்க தொடாதீங்க."

திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக டாக்டரம்மாவின் வாசலில் நின்றார்கள். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முதலில் கோபித்துக்கொண்டார்; ரத்த அழுத்தம் சரிந்து எங்காவது விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றார். அப்புறம் அவரே, "எப்படிச் சாப்பிடறீங்கன்னு நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார். மறுபடி இதயத் துடிப்பைப் படம் எடுத்தார். பழுதில்லை.

"அப்போ மருந்து ஒத்துக்கலைன்னு எழுத வேண்டாம். இன்னும் நாம அதை ஆரம்பிக்கவே இல்லை" என்றார். "நாளையிலேருந்து முழுசா முழுங்குங்க."

கிரேன் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "முழுங்கறதா?" என்றாள். குரல் எட்டு வயதுப் பிள்ளையின் குரலாக இருந்தது.

அங்கிருந்த நர்ஸ் பெரிய கெட்டிக்காரி. கிரேன் அக்காவைத் தனியே அழைத்துப் போய்ச் சொல்லிக் கொடுத்தாள். முதலில் ரொட்டித் துணுக்கைக் கடுகளவு உருட்டிக்கோ, அப்புறம் மிளகளவு, அப்புறம் பட்டாணி. மாத்திரையை நாக்கில் வை, வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக்கோ, முகத்தை அண்ணாந்து தூக்காதே. "பயத்துல எல்லாரும் அண்ணாந்துடறாங்க. அதான் மாட்டிக்குது."

அன்று சாயங்காலம் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சியில் இறங்கினாள். நைசு வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரே இருமலும் துப்பலும். நடுநடுவே ரொட்டிக்கு விழுந்த வசவை இங்கே எழுத முடியாது; துறைமுகத்தில் கற்றுக்கொண்ட வசவு. கடுகு போனது. மிளகு மூன்றாம் தடவை போனது. பட்டாணி போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மாத்திரை மூன்று தடவை வெளியே வந்து, நாலாவது தடவை கரைய ஆரம்பித்துப் பாழாகிவிட்டது. அன்றைக்கும் ரெண்டு இருபது வந்தது. சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நைசு, கதவைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். தனக்கு எதற்கு இந்தக் கைத்திறமை என்று இருந்தது.

சனிக்கிழமை காலை குளியலறையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு கதவு திறந்தது.

"போயிடுச்சு" என்றாள்.

"நிஜமாவா?"

"வாயைத் திறந்து காட்டவா?" என்று காட்டவும் செய்தாள். "ஏணியில ஏறும்போது நான் கீழே பார்க்கிறதே இல்லை. அடுத்த படியை மட்டும்தான் பார்ப்பேன். இதையும் அப்படியே பண்ணினேன், மாத்திரையைப் பத்தி நினைக்காம தண்ணியை மட்டும் முழுங்கினேன். சனியன் அதுபாட்டுக்குப் போயிடுச்சு."

நைசுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் புட்டியை எடுத்துப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு போனாள்.

அற்புதம் எதுவும் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. ஒன்பதரைத் தலைசுற்றல் மட்டும் முதல் நாளே நின்றது. ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்து மருந்தைக் கொஞ்சம் கூட்டினார். ரெண்டு இருபது ரெண்டே முக்காலாக நகர்ந்தது. வந்தாலும் கால் மணியில் போனது. ஒரு வியாழக்கிழமை கண் மட்டும் லேசாகக் கலங்கியது, வலி வரவில்லை. அடுத்த நாள் அதுவும் இல்லை. அவள் முகமூடியைக் கையில் பிடித்தபடி மூன்றரை வரை காத்திருந்துவிட்டு, "பசிக்குது" என்றாள். அந்த நேரத்தில் அவளுக்குப் பசித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நைசு நாலு முட்டை உடைத்து ஊற்றினார்.

வழக்கமாக இந்தப் பருவம் மூன்று மாதம் ஓடும், இன்னும் பாதியே முடிந்திருந்தது. டாக்டரம்மா பெரிதாக மார்தட்டவில்லை. "அடுத்த வருஷமும் இது வரலாம். ஆனா வந்தா என்ன பண்ணணும்னு இப்போ நமக்குத் தெரியும். முதல் நாளே ஆரம்பிச்சிடலாம்" என்றார். அந்தச் சொல்லே அவர்களுக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

பதினாலு நாள் முடிந்தபோது கெடுவில் நாலு நாள் பாக்கி. நோட்டையும் டாக்டரம்மாவின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு இருவரும் துறைமுக மருத்துவ அதிகாரியிடம் போனார்கள். அவர் எல்லாவற்றையும் படித்தார், வேண்டிய சோதனைகளைச் செய்தார், அப்புறம் ஒரு படிவத்தைத் தள்ளினார்.

"இதுல ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும்மா. நீங்க தினமும் மருந்து எடுக்கிறீங்களான்னு கவனிக்கணும். வலி வந்தா, நீங்களே மறைச்சாலும் அவர் எங்களுக்குச் சொல்லணும். நம்பகமான ஆளா இருக்கணும்."

"உன் தங்கச்சி பேரைக் கொடுத்துடு" என்றார் நைசு மெதுவாக. வரும் வழியிலேயே இதை யோசித்து வைத்திருந்தார். தொடாதீங்க என்று அவள் சொன்ன நாளிலிருந்து அவர் அந்தப் புட்டியைத் தொட்டதில்லை.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "எங்க வீட்டுக்காரர் பேரைப் போட்டுக்குங்க சார்" என்றாள்.

அதிகாரி நோட்டைப் புரட்டினார். "இதுல முதல் இருபத்து நாலு நாள் மருந்து தப்பாப் போயிருக்கே. அது யாரு?"

"இவர்தான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். நைசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கீழே நின்னு எனக்கு சிக்னல் கொடுக்கிறாரே, அவர் மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை தப்பாக் கை காட்டிட்டார். பெட்டி லாரி ஓரத்துல உரசிடுச்சு. யாரும் பார்க்கலை, எனக்கே தெரியலை. அவரே ரேடியோவுல, 'நிறுத்து அக்கா, தப்பு என்னுது'ன்னு சொன்னார். அன்னையிலேருந்து அவர் இல்லாத ஷிஃப்ட்டுல நான் ஏறுறதில்லை. மேலே இருக்கிறவளுக்குக் கீழே அப்படி ஒருத்தர் வேணும் சார்." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இவரும் யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி தானா வந்து சொன்னவர்தான். சொல்லலைன்னா நான் இன்னைக்குக் கேட்ல உட்கார்ந்திருப்பேன்."

அதிகாரி படிவத்தில் ஏதோ எழுதி, நைசின் பக்கமாகத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினார்.

நைசுக்குக் கண் மறைத்தது. கட்டமும் தெரியவில்லை, கோடும் தெரியவில்லை.

"இங்கே போடுங்க" என்று அவள் விரலை வைத்துக் காட்டினாள்.